மறதியும் மரபும்

'இன்ஸான்' என்னும் அரபுச் சொல் மனிதனைக் குறிக்கும். அச்சொல் எவ்வேரினின்றும் கிளைத்தது என்பதில் மொழிவல்லுநர்கள் கருத்து வேறுபடுவர். பழகுதல், இணங்குதல் எனப் பொருள்படும் 'உன்ஸ்' என்பதிலிருந்து அது பிறந்தது என்பர் ஒரு சாரார். மறத்தல் எனப் பொருள்படும் 'நிஸ்யான்' என்பதே அதன் மூலம் என்பர் மற்றொரு சாரார். இலக்கண வகுப்பில் இவ்விரண்டையும் எடுத்துரைக்கும் போதெல்லாம், இரண்டும் மனிதனுக்குப் பொருந்துவனவே என்று மாணவர்க்குச் சொல்லி வந்துள்ளோம். மனிதன் பழகுகின்றான், மறக்கவும் செய்கின்றான். பழகியவரையே மறந்துவிடும் நாளும் சிலருக்கு வந்து சேர்கின்றது.

முதுமையின் எல்லையில், அறிந்தவற்றையெல்லாம் இழந்து நிற்கும் அந்நிலையைத் திருமறை 'அர்தலுல் உமுர்' என்று இரண்டு இடங்களில் குறிப்பிடுகின்றது. ஆயுளின் மிகத் தாழ்ந்த பகுதி என்பது அத்தொடரின் பொருள். அந்நிலையை அடையாதவாறு காக்க வேண்டுமென்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இறைவனிடம் இறைஞ்சியுள்ளார்கள். நம் முன்னோர் இதனை முதுமையின் இயல்பெனக் கருதிப் பொறுமையுடன் ஏற்றனர். இன்றைய மருத்துவமோ இதனை நோய் என்கிறது. அந்நோய் முதுமையில் தொடங்குவதில்லை, நடுவயதிலேயே தொடங்கிவிடுகிறது என்றும் சொல்கிறது. நம் வீட்டுத் தாய்மார்களின் நிலையை எண்ணிப் பார்க்கும்போது இச்செய்தி ஆழ்ந்து சிந்திப்பதற்குரியது.

1901ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டின் பிராங்பர்ட் நகரில் 51 வயதுப் பெண்மணி ஒருவர் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தம் பெயரை எழுதச் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவார். 1906இல் அவர் இறந்தபின், அவருடைய மூளையை அலாய்ஸ் அல்ஸைமர் என்னும் மருத்துவர் நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். மூளை சுருங்கியிருந்தது; உயிரணுக்களின் உள்ளே சிக்குண்ட நூலிழைகளும், வெளியே திட்டுத்திட்டான படிவுகளும் காணப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அவர் இதனை அறிவித்தார். நோய்க்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. முதன்முதலாக ஆராயப்பட்ட அந்நோயாளி ஒரு பெண் என்பதையும், அவர் முதுமையடையாதவர் என்பதையும் வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

நம் நாட்டிலும் இந்நோய்க்குப் பெண்களே மிகுதியாக ஆளாகின்றனர். இந்திய முதியோரின் உடல்நிலையை ஆராயும் 'லாசி' திட்டத்தின் ஒரு பிரிவு மறதிநோயைத் தனியே ஆய்ந்து, 2023இல் முடிவை வெளியிட்டது. 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 இலட்சம் பேர், மறதிநோய்க்கு ஆளாகியுள்ளனர் என்பது அதன் மதிப்பீடு. ஆண்களில் அது நூற்றுக்கு 6க்குச் சற்றுக் குறைவு, பெண்களில் 9. நகரங்களைவிடக் கிராமங்களில் கூடுதல். மறதிநோய்கள் பலவகைப்படும், அவற்றுள் தலையாயது அல்ஸைமர் நோயே.

பெண்கள் நெடுநாள் வாழ்கின்றனர், ஆகவே முதுமை நோய்கள் அவர்களுக்கு மிகுதியாக வருகின்றன என்பது வழக்கமான விடை. அது உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. எஞ்சிய பகுதியைத் தேடும்படி நம்மைத் தூண்டியது நம் இல்லத்தில் நேர்ந்த ஒரு துயரம்.

நம் அன்னையார் எண்பதைக் கடந்தவர். செங்கோட்டை திருவிதாங்கூர் ஆட்சியின்கீழ் இருந்த நாளில் பிறந்தவர். 1956 நவம்பர் முதல் நாள் நம் ஊர் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது அவர் சிறுமி. சில ஆண்டுகளுக்கு முன் மறதி மெல்லத் தலைகாட்டியது. அஸர் தொழுதுவிட்டுச் சிறிது நேரத்தில் மீண்டும் ஒளுச் செய்ய எழுவார். 'இப்போதுதானே தொழுதீர்கள்' என்று மருமகள் சொன்னால், தொழவிடாமல் தடுப்பதாக எண்ணி அழுவார். தடுப்பதும் பாவமோ, விடுவதும் பாவமோ என்று அப்பெண் கலங்கினாள். ஹனஃபி சட்ட நூல்கள் அறிவு மங்கியவரை 'மஃதூஹ்' எனத் தனியே பிரித்துக் கூறுகின்றன. அறிவு நீங்கியவர்மீது கடமை இல்லை. ஆகவே அவர் தொழுதால் தொழட்டும், விட்டால் விடட்டும், வாதிட வேண்டாம் என்று நாம் எடுத்துரைத்த பிறகே வீட்டில் அமைதி திரும்பியது.

இதற்கிடையே நம் தம்பியின் மகளுக்கு அண்டை ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. எல்லாம் பேசி முடியும் நிலையில், பெண் கேட்டு வந்த முதிய அம்மையார் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து, "ஹஜ்ரத், பாட்டிக்கு உள்ளது பேத்திக்கும் இறங்கும் என்கிறார்களே?" என்று கேட்டார். நாம் சொன்ன மறுமொழி அவருக்கு நிறைவளிக்கவில்லை போலும், அச்சம்பந்தம் நின்றுவிட்டது. அதே ஆண்டில் நம் அன்னையாரின் பேரன் ஒருவனுக்கும் மணம் நடந்தது. அவனிடத்திலோ, அவன் பெற்றோரிடத்திலோ ஒருவரும் இக்கேள்வியைக் கேட்கவில்லை. கேட்கப்படாத அந்தக் கேள்வியே நம் உள்ளத்தை உறுத்தியது. ஆகவே இத்துறை பற்றிக் கற்க முற்பட்டோம்.

நம் உடலில் 'அபோ-இ' என்றொரு மரபணு உண்டு. கொழுப்பை இரத்தத்திலும் மூளையிலும் சுமந்து செல்லும் புரதம் ஒன்றை அமைப்பது அதன் பணி. அதில் இ-2, இ-3, இ-4 என மூன்று வகைகள் உள்ளன. தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொருவரும் இரு பிரதிகளைப் பெறுகிறோம். இ-4 வகையைப் பெற்றோருக்கு அல்ஸைமர் நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பதை 1993இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் குழுவினர் கண்டறிந்தனர். ஐரோப்பிய வழியினரிடையே இ-4 ஒரு பிரதி இருப்பின் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. இரண்டு இருப்பின் 8 முதல் 12 மடங்கு வரை உயர்கிறது. எனினும் இது விதியன்று. இ-4 இருந்தும் இறுதிவரை தெளிவோடு வாழ்வோர் உளர். இ-4 இல்லாமலே நோயுற்றோரும் பலர்.

ஃபராயிள் என்னும் பாகப்பிரிவினைக் கல்வியைப் பல்லாண்டு பயிற்றுவித்தவர் நாம். சொத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்பது அதன் கணக்கு. மரபணு என்னும் சொத்து இக்கணக்கிற்குள் அடங்காது. அபோ-இ மரபணு அமைந்திருப்பது 19ஆவது குரோமோசோமில். அது ஆண் பெண் என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோம் அன்று. தாயிடம் இ-4 ஒரு பிரதி இருக்குமாயின், அது மகனைச் சேரும் வாய்ப்பும் பாதி. மகளைச் சேரும் வாய்ப்பும் பாதி. பேரனுக்குக் கால்; பேத்திக்கும் கால். இவ்வரிகளை எழுதும் நமக்கும் அந்தப் பாதி வாய்ப்பு உண்டு. பேத்தியின் மணத்தை நிறுத்தியவர்கள், இச்சொத்தில் ஆணுக்குப் பங்கே இல்லை என்று கொண்டு தீர்ப்பளித்தவர்கள் ஆவர்.

பங்கு சமம். ஆனால் அப்பங்கு தரும் விளைவு சமமன்று. இங்கேதான் பெண்ணின் நிலை வேறுபடுகிறது. 27 ஆய்வுகளில் பங்குகொண்ட ஏறத்தாழ 58,000 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து 2017இல் ஒரு முடிவு வெளியிடப்பட்டது. 55 முதல் 85 வயது வரையிலான காலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், இ-4 ஒரு பிரதி உடைய ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆபத்து ஏறத்தாழ ஒன்றே. ஆனால் 65க்கும் 75க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் பெண்ணுக்கே ஆபத்து மிகுதி. மூளையின் உள்ளே, பொட்டெலும்புக்கு நேராக, கடற்குதிரை வடிவில் ஒரு சிறு பகுதி உண்டு. புதிய நினைவுகள் உருவாக உதவுவது அதுவே. நினைவு சற்றே தளர்ந்தோரிடம் அப்பகுதியை அளந்த 2005ஆம் ஆண்டின் ஆய்வொன்று, பெண்களிடத்தில் இ-4 ஒரே பிரதி இருந்தாலும் அது சுருங்கியிருந்ததையும், ஆண்களிடத்தில் இரண்டு பிரதிகள் இருந்தால் மட்டுமே அவ்வாறு சுருங்கியிருந்ததையும் கண்டது.

இவ்வேறுபாடு எப்போது தொடங்குகிறது? அல்ஸைமர் நோயின் படிவுகள், மறதி வெளிப்படுவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே மூளையில் சேரத் தொடங்குகின்றன. எழுபதில் தெரியும் நோய் ஐம்பதில் வேர் கொண்டது என்பது இதன் பொருள். அந்த ஐம்பதையொட்டித்தான் பெண்ணின் உடலில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்கிறது. மாதவிலக்கு நின்று, ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைந்துவிடுகிறது. அச்சுரப்பு கருப்பைக்கு மட்டும் உரியதன்று. மூளை சர்க்கரையை எரித்து ஆற்றல் பெறுவதற்கும் துணை செய்வது. நியூயார்க்கில் லிசா மொஸ்கோனி என்னும் அம்மையாரின் குழுவினர் இப்பருவத்துப் பெண்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்து, மூளையின் அமைப்பும் ஆற்றல் பயன்பாடும் இக்காலத்தில் மாறுவதை 2021இல் வெளியிட்டனர். சில பகுதிகளில் குறைந்த அளவு பின்னர் மீள்வதையும் அவர்களே கண்டனர். நடுவயது மூளையைப் படமெடுத்த ஆய்வுகள் அனைத்தும் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாற்றம் என்பது நோயன்று. ஆயினும் கவனம் செலுத்த வேண்டிய பருவம் இதுவே என்பதில் ஐயமில்லை.

இவையெல்லாம் மேலைநாட்டார் கணக்கு. நம்மவர்க்குப் பொருந்துமா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் சீனிவாசபுரம் வட்டாரக் கிராமங்களில், 45 வயதைக் கடந்த ஆண் பெண்களை ஆண்டாண்டாகத் தொடர்ந்து ஆராயும் பணியை, பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆய்வு மையம் நடத்தி வருகிறது. நினைவுத் திறன், இரத்தம், மரபணு, மூளைப் படம் எனப் பலவும் அங்கே ஆராயப்படுகின்றன. முதியோரைவிட்டு நடுவயதினரிடமிருந்து அவர்கள் தொடங்கியதன் காரணம் மேலே சொல்லப்பட்டதே.

நம் நாட்டைப் பற்றி முன்பே தெரிந்த செய்தி ஒன்றும் உண்டு. டில்லிக்கு அருகிலுள்ள பல்லப்கர் கிராமங்களையும் அமெரிக்காவின் மொனாங்கஹேலா பள்ளத்தாக்கையும் ஒப்பிட்ட ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அங்கே இ-4 நூற்றுக்கு 11 என்ற அளவில் இருக்க, பல்லப்கரில் அது நூற்றுக்கு 7 மட்டுமே. இதனால் நாம் தப்பினோம் என்று மகிழ இயலாது. மரபணு குறைந்தவிடத்திலும் நோய் மிகுந்திருக்கலாம் என்பதற்கு அரபு மக்களின் ஊர் ஒன்றே சான்றாக நிற்கிறது.

இஸ்ரேலின் வடபகுதியில் வாதி ஆரா என்றோர் பள்ளத்தாக்கு உண்டு. அங்குள்ள அரபுக் கிராமங்களில் 60 வயதைக் கடந்த 821 பேரை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 20 பேருக்கு மேல் அல்ஸைமர் வகை மறதிநோய் இருக்கக் கண்டனர். 2001இல் வெளியான முடிவு இது. அம்மக்களிடத்தில் இ-4 மிகமிகக் குறைவு! பின் இத்தனை நோய் எங்கிருந்து வந்தது? குலத்திற்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் வழக்கத்தால் வேறு மரபணுக்கள் திரண்டனவோ என்று ஒருபுறம் தேடினர். மறுபுறம் கண்ணுக்கெதிரே ஒரு காரணம் நின்றது. எழுத்தறியாதோரிடம் நோய் மிகுதி. பள்ளி சென்றோரிடம் குறைவு. எழுத்தறியாதோருள் பெரும்பாலோர் பெண்கள். நோயும் பெண்களிடத்தே மிகுந்திருந்தது.

இச்செய்தியைப் படித்தபோது நம் அன்னையாரை முதன்முதலில் திருநெல்வேலிக்கு மருத்துவரிடம் அழைத்துச் சென்ற நாள் நினைவுக்கு வந்தது. அது ஜூலை மாதம். இது என்ன மாதம் என்று மருத்துவர் கேட்டார். 'முஹர்ரம்' என்றார் அன்னையார். இது என்ன பருவம் என்று கேட்டதற்குச் 'சாரல்' என்றார். குற்றாலத்து மலையடிவாரத்தில் பிறந்தவர் வேறென்ன சொல்வார்! தாளில் அச்சிட்ட விடைகளுள் அவ்விரண்டும் இல்லை. நம் பக்கத்தவரான அம்மருத்துவர் புன்னகையோடு இரண்டையும் சரியென்று குறித்துக்கொண்டார். பிறகு, சற்றுமுன் சொன்ன மூன்று சொற்களைத் திருப்பிச் சொல்லுமாறு கேட்டார். ஒன்றும் வரவில்லை. எழுதத் தெரியுமா என்று கேட்டபோது, தெரியாது என்று நம் தம்பி சொன்னார். நாம் இடைமறித்து, அரபுத் தமிழ் எழுதுவார் என்றோம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் நூல்களை அரபுத் தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்த தலைமுறையின் கடைசி வரிசையைச் சேர்ந்தவர் அவர். தமிழ் எழுத்தில் கையொப்பமிட அறியாததால், அரசுக் கணக்கில் மட்டும் அவர் எழுத்தறியாதவர்.

எழுத்து எவ்வெழுத்தாயினும் அது மூளைக்கு உழைப்பைத் தருகிறது. இளமையில் கற்ற கல்வி மூளையில் ஒரு சேமிப்பாக நிற்கிறது என்றும், நோய் வந்த பின்னும் அச்சேமிப்பைக் கொண்டு மூளை நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது என்றும் ஆய்வாளர் கூறுவர். ஆண்மகனுக்குப் பள்ளி, பெண்ணுக்கு அடுக்களை என்று பகுத்த காலத்தில், அந்தச் சேமிப்பையும் மகனுக்கே முழுதாக எழுதிவைத்துவிட்டோம். நம் தாய்மார்களின் மறதியில் மரபணுவின் பங்கு எவ்வளவாயினும், நம் வழக்கத்தின் பங்கும் அதில் உண்டு.

மரபணுவை மாற்ற நம்மால் இயலாது. மாற்றக்கூடியவை பல உள. 2024இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 14 காரணங்களை வகுத்துக் காட்டி, அவை முற்றிலும் நீங்குமாயின் உலகில் மறதிநோய்களில் நூற்றுக்கு 45 பங்கு தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று மதிப்பிட்டது. இளமையில் கல்வியின்மை முதலாவது. நடுவயதுக்குரியவை இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், தீய கொழுப்பு, உடற்பருமன், செவிப்புலன் குறைவு, மனச்சோர்வு, உடலுழைப்பின்மை போன்றவை. முதுமையில் தனிமையும், மங்கிய பார்வைக்கு மருத்துவம் செய்யாமையும் சேர்கின்றன. இவற்றுள் எத்தனை நம் தெருப்பெண்களிடத்தில் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். தென்காசி வட்டாரத்தில் பகலெல்லாம் அமர்ந்து பீடி சுற்றும் பெண்கள் எத்தனை பேர்! காது மந்தமான பெண்ணை, 'கூப்பிட்டால் திரும்பாதவள்' என்று ஏசுவோமேயன்றிக் காது மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமா? கணவரை இழந்தபின் பின்கட்டு அறையே உலகமாகிவிட்ட மூதாட்டியர் எத்தனை பேர்!

இரண்டு எச்சரிக்கைகளும் வேண்டும். சுரப்பு குறைவதால்தானே தீங்கு, மாத்திரையால் அதனை ஈடுசெய்யலாமே என்று சிலர் எண்ணுவர். 65 வயதைக் கடந்த பெண்களுக்கு இரு சுரப்புகள் கலந்த மாத்திரை கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்றில் மறதிநோய் இரு மடங்காயிற்று என்று 2003இல் தெரியவந்தது. மாதவிலக்கு நிற்கும் பருவத்துத் தொல்லைகளுக்கு அம்மருந்து தேவைப்படுவோர் உளர். அதனை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மற்றொன்று, மரபணுச் சோதனை. நம் அன்னையாருக்கு அது தேவையில்லை என்று மருத்துவர் கூறிவிட்டார். வருமா வராதா என்று உறுதி சொல்லாத அச்சோதனையின் தாள், பெண் கேட்டு வருவோர் கையில் சிக்குமாயின் என்ன நேரும் என்பதை வாசகர்களே அறிவர்.

நோயாளியைப் பேணும் கரமும் பெண்ணின் கரமே. கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் இத்தகைய நோயாளிகளைப் பேணுவோரைக் கண்டு உரையாடிய மருத்துவர் ஷாஜியின் குழுவினர், அவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள், பலவேளை மருமக்கள் என்று 2003இல் எழுதினர். மலைக்கு இப்பாலும் இதே நிலைதான். தூக்கமில்லை, ஓய்வில்லை, பாராட்டும் இல்லை. மூதாட்டி ஒரு வேளை பசிக்கிறது என்றால், சோறு போடவில்லை என்ற பழி மட்டும் உண்டு. நாற்பதுகளில் இருக்கும் அம்மருமகள், பிறர் நினைவைக் காக்கும் பணியில் தன் நினைவைக் காக்கும் பருவத்தைச் செலவிடுகின்றாள். மகன்மார் இரவுப் பொழுதையேனும் பகிர்ந்துகொள்வது அறமாகும். நம் இல்லத்தில் இப்போது ஃபஜ்ருக்கு முந்திய பொழுது நம்முடையது. இஷாவுக்குப் பிந்திய பொழுது தம்பியுடையது. நின்றுபோன சம்பந்தத்தை மறந்துவிட்டு, தம்பி மகள் கல்லூரியில் பயில்கிறாள்.

ஜமாஅத்துப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜுமுஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கும் முகாம்கள் நம் ஊர்களில் நடைபெறுகின்றன. நல்ல பணி. ஆனால் அங்கே வரிசையில் நிற்போர் அனைவரும் ஆண்களே. அதே முகாமை நிஸ்வான் மதரஸாவிலும் ஒரு நாள் நடத்துங்கள்; செவியையும் கண்ணையும் அங்கேயே பார்க்கச் செய்யுங்கள். பன்னிரண்டாம் வகுப்பை முடிக்காமல் எந்தப் பெண்பிள்ளையும் நிறுத்தப்படுவதில்லை என்று ஒரு தீர்மானமும் எழுதுங்கள்.

குடும்பத்தலைவர்களுக்கு அதனினும் எளிய வேண்டுகோள். இவ்விதழ் கைக்கு வரும் நாளன்றே, வீட்டில் நாற்பதைக் கடந்த பெண்களிடம், இரத்தக் கொதிப்பைக் கடைசியாக எப்போது அளந்தார்கள் என்று கேளுங்கள். கடைசிப் பிள்ளையின் பேறுகாலத்தில் என்று பலரும் சொல்லக்கூடும். அந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன வயது என்று கணக்கிட்டுவிட்டு, மறுநாள் காலையில் அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.